அடுத்த எபிசோடையும் போட்டுவிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: ஓடிடியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாத தொடர் எது? வெறும் பெயர்ப் பட்டியல் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். யாருக்கு எது பொருந்தும் என்று சொல்வதுதான் இந்தப் பக்கத்தின் வேலை என்று நினைக்கிறேன். அதனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒன்றிரண்டு தொடர்களோடு நிறுத்திக்கொள்கிறேன். முடிவை எங்கேயும் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

தமிழ் வெப் சீரிஸ் எதையும் நான் இரண்டு எபிசோடுக்கு மேல் பார்த்ததில்லை. ஒரு சினிமாவை இழுத்து நீட்டின மாதிரி இருக்கிறது. முழுசாகப் பார்க்க வைக்கிற ஒன்று சொல்லுங்கள் அக்கா.
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

‘விலங்கு’ பாருங்கள். 2022 பிப்ரவரியில் ஜீ5-இல் வந்தது, மொத்தம் ஏழு எபிசோட். பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கியது. விமல் சப்-இன்ஸ்பெக்டர் பரிதியாக வருகிறார். திருச்சிப் பக்கம் வேம்பூர் என்ற ஊரின் காவல் நிலையம். காட்டுக்குள் அழுகிய நிலையில் ஒரு பிணம் கிடைக்கிறது. வழக்கு அங்கே தொடங்குகிறது, வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம் நெருங்குகிறது.

நீங்கள் சொல்லும் ‘இழுவை’ எங்கிருந்து வருகிறது தெரியுமா? இரண்டரை மணி நேரக் கதையை வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தைப் பாட்டாலும் பின்கதையாலும் நிரப்பும்போது வருகிறது. ‘விலங்கு’ அந்த நேரத்தைக் காவல் நிலையத்துக்குள் செலவழிக்கிறது. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், மேலதிகாரி போனில் வந்தால் முதுகு எப்படி நிமிர்கிறது, விசாரணைக்கு வந்தவன் எந்த மூலையில் உட்காருகிறான், எல்லாம் இருக்கிறது. நான் உறையூரில் வளர்ந்தவள். அந்தப் பக்கத்துப் பேச்சு சினிமாவில் எப்போதுமே கொஞ்சம் பிசகியே கேட்கும். இதில் பிசகவில்லை. பால சரவணனும் முனீஷ்காந்தும் சிரிக்க வைக்கிற காட்சிகளில்கூட வழக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. விசாரணைக் காட்சிகளில் அடி உதை உண்டு, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அது பிடித்துவிட்டால் அப்புறம் ‘சுழல்’ முதல் சீசனுக்குப் போங்கள். புஷ்கர்–காயத்ரி உருவாக்கியது, பிரைம் வீடியோவில் 2022 ஜூனில் வந்த எட்டு எபிசோட். ஒரே இரவில் சிமெண்ட் ஆலை தீப்பிடிக்கிறது, தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் காணாமல் போகிறாள். ஊரில் அப்போது மயானக் கொள்ளைத் திருவிழா. மாசி அமாவாசையை ஒட்டி அங்காளம்மன் கோயில்களில் நடக்கும் அந்தத் திருவிழாவைப் பின்னணி அலங்காரமாக வைக்காமல், விசாரணையும் சடங்கும் நாள் நாளாகச் சேர்ந்தே நகரும்படி எழுதியிருக்கிறார்கள். பார்த்திபன், ஐஸ்வர்யா ராஜேஷ், கதிர், ஸ்ரேயா ரெட்டி என்று நால்வரும் போட்டி போட்டு நடித்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு நேரும் பாலியல் கொடுமை கதையில் வருகிறது. மனம் தயாராக இருக்கும்போது மட்டும் பாருங்கள்.

கொலை, ரத்தம், பிணம் எதுவும் வேண்டாம். ஆனால் விறுவிறுப்பு வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

இருக்கிறது. தமிழில் வந்த தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான்: ‘அயலி’. 2023 ஜனவரியில் ஜீ5-இல் வந்தது, எட்டு எபிசோட், இயக்கம் முத்துக்குமார்.

புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்று ஒரு கிராமம், காலம் 1990. ஊர்த் தெய்வம் அயலி. பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும், கல்யாணம் நடந்துவிடும், அதை மீறினால் அயலி கோபிப்பாள் என்பது ஊர்க் கட்டுப்பாடு. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி வயதுக்கு வருகிறாள். யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிடுகிறாள். இவ்வளவுதான் கதை.

இதில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு அந்த மூன்று நாள் வருமே! துணியை எங்கே துவைப்பது, எங்கே காயப்போடுவது, வயிற்று வலியை எப்படி மறைப்பது, கோயிலுக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது? வாசலில் யார் நடந்து வந்தாலும் நமக்குத் திக்கென்கிறது. ஒரு சின்னப் பெண்ணிடம் இழக்கக்கூடாத ஒன்று இருக்கிறது, அதை அவளிடமிருந்து பிடுங்க ஊரே தயாராக இருக்கிறது. நம்மை நகரவிடாமல் உட்கார வைக்க அது போதும். எத்தனையோ வெளிநாட்டு சஸ்பென்ஸ் தொடர்கள் எபிசோடுக்கு ஒரு திருப்பம் வைத்தும் சாதிக்க முடியாததை இந்தத் தொடர் ஒரு ரகசியத்தை வைத்துச் சாதித்துவிட்டது.

அபி நட்சத்திரா அந்தப் பெண்ணாக வாழ்ந்திருக்கிறார். அம்மாவாக வரும் அனுமோளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக்கும் மகளுக்கும் நடுவில் நிற்கிற அந்த முகத்தில் எனக்குத் தெரிந்த பல பெண்களைப் பார்த்தேன். இடையிடையே வசனம் கொஞ்சம் பாடம் நடத்துகிறது, உண்மைதான். அதற்காக நிறுத்திவிடாதீர்கள். வயசுப் பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூட உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அப்பாக்களும் உட்கார வேண்டும்.

இன்னொன்று ‘ஸ்கேம் 1992’. சோனி லிவ், 2020 அக்டோபர், பத்து எபிசோட், இயக்கம் ஹன்சல் மேத்தா. ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை மோசடியைப் பற்றி சுசேதா தலாலும் தேபாஷிஸ் பாசுவும் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்தது. வங்கி ரசீது என்றால் என்ன, ஒரு வங்கிக்குப் போக வேண்டிய பணம் எப்படித் தரகர் கணக்கில் நின்றது என்பதையெல்லாம் நடுவில் பொறுமையாக விளக்குகிறது. கணக்கு வழக்கே தெரியாதவர்களும் பின்தொடர முடியும். பிரதிக் காந்தியின் சிரிப்புக்காகவே பார்க்கலாம்.

‘அடலசன்ஸ்’ பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என் மகனுக்கு 14 வயது. அவனோடு சேர்ந்து பார்க்கலாமா? பயமாக இருக்கிறது.
– அரசு ஊழியர், சேலம்

பார்க்கலாம். ஆனால் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள், அப்புறம் அவனோடு. நான்கே எபிசோட்தான், நெட்ஃபிளிக்ஸில் 2025 மார்ச்சில் வந்தது.

இங்கிலாந்தில் ஒரு சாதாரண வீடு. விடியற்காலையில் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறது. கூடப் படித்த பெண்ணைக் கொன்றதாக 13 வயது ஜேமியைக் கைது செய்கிறார்கள். ஒவ்வொரு எபிசோடும் நடுவில் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாக எடுக்கப்பட்டது. வீட்டிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து காவல் நிலையம், அறை அறையாகக் கேமரா கூடவே போகிறது. கண் சிமிட்டி இளைப்பாற இடமே இல்லை. இரண்டாவது எபிசோடின் கடைசியில் கேமரா டிரோனில் ஏறிப் பறந்து, ஊரைத் தாண்டி, கீழே இறங்கி ஒரு முகத்தின் முன்னால் நிற்கிறது. தொழில்நுட்ப வித்தைக்காக அதை வைக்கவில்லை என்பது இறங்கும் இடத்தில் தெரியும்.

மூன்றாவது எபிசோட் பெரும்பாலும் ஒரே அறை: ஜேமியும் ஒரு உளவியல் நிபுணரும். ஜேமியாக நடித்த ஓவன் கூப்பர் அதற்கு முன்னால் எங்குமே நடித்ததில்லை. படப்பிடிப்பில் முதலில் எடுத்ததே இந்த எபிசோட்தான். தொடர் வந்த அதே வருடம், அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி வாங்கினார், நடிப்புக்காக அதை வாங்கிய ஆண்களில் மிக இளையவர் அவர்தான்.

உங்களுக்கு முக்கியம் என்று நான் நினைப்பது இரண்டாவது எபிசோட். வழக்கை விசாரிக்கிற அதிகாரிக்கு அந்தப் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் போட்ட எமோஜி படக்குறிகள் சாதாரண நட்புப் பேச்சு போலத் தெரிகின்றன. அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன் தனியாகக் கூப்பிட்டு, அப்பா, அதன் அர்த்தம் அது இல்லை என்று விளக்குகிறான். ஒரு காவல் அதிகாரிக்கே தன் பிள்ளையின் உலகம் தெரியவில்லை. அந்தக் காட்சி முடிந்ததும் தொடரை நிறுத்திவிட்டு, “உங்கள் ஸ்கூலிலும் இப்படி உண்டா?” என்று மட்டும் மகனிடம் கேளுங்கள். அறிவுரை வேண்டாம். அவன் பேசுவான். பிரிட்டனில் மேல்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிட இந்தத் தொடரைக் கொடுத்தார்கள், பிரதமரே அதை ஆதரித்துப் பேசினார். பிள்ளைகளோடு பார்க்கிற தொடர் என்பதற்கு அது போதும்.

கெட்ட வார்த்தை நிறைய வருகிறது. கைதான பையனைச் சோதனை போடும் இடமும் மனதைப் பிசையும். அதற்காகத்தான் முதலில் நீங்கள் பார்க்கச் சொன்னேன்.

எனக்கு 68 வயது. வெளிமொழித் தொடர்களில் சப்டைட்டில் படிப்பதற்குள் ஓடிவிடுகிறது. டப்பிங்கில் பார்த்தால் ரசனை குறைவு என்று பேரன் கிண்டல் செய்கிறான். என்ன செய்யட்டும் அம்மா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கரூர்

ஐயா, தாராளமாக டப்பிங்கில் பாருங்கள். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவதுதான் என் தொழில், அதனால் இதை உரிமையோடு சொல்கிறேன். திரையில் நடிகர் உதட்டை மூடும் இடத்தில் எங்கள் வசனத்திலும் ‘ம’வோ ‘ப’வோ விழ வேண்டும். அவர் பேசி முடிக்கும் நொடியில் நாங்களும் முடிக்க வேண்டும். அதற்குள் கதையும் கெடக்கூடாது. டப்பிங் அறையில் எழுதுபவரும் குரல் கொடுப்பவரும் சவுண்ட் இன்ஜினியரும் ஒரு வரிக்காக மணிக்கணக்கில் போராடுவது உண்டு. அந்த உழைப்பைக் கேட்டு ரசிப்பதில் எந்தக் குறையும் இல்லை.

சப்டைட்டிலும் வேண்டும் என்றால், நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் உங்கள் புரொஃபைலுக்குள் சப்டைட்டில் தோற்றம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் கறுப்புப் பட்டை வைத்துக்கொள்ளலாம். பேரனை உட்கார வைத்து மாற்றித் தரச் சொல்லுங்கள்.

தொடர் என்றால், உங்களுக்கு மலையாள ‘கேரளா க்ரைம் ஃபைல்ஸ்’. ஹாட்ஸ்டாரில் 2023-இல் வந்த முதல் சீசன் ஆறு எபிசோட்தான், தமிழிலும் கேட்கலாம். 2011-ஆம் வருட எர்ணாகுளம். ஒரு லாட்ஜில் ஒரு பெண் பிணமாகக் கிடக்கிறாள். துப்பு என்று இருப்பது லாட்ஜ் பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு முகவரி மட்டும்: ஷிஜு, பாறயில் வீடு, நீண்டகரை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆறு நாள் அலைகிறார்கள் போலீஸ்காரர்கள். லாலும் அஜு வர்கீஸும் பெரிய வீராப்பு எதுவும் இல்லாமல், அலுத்துப்போன முகத்தோடு வேலை பார்க்கிறார்கள். தலைமையாசிரியராக வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்த உங்களுக்கு ஒரு பதிவேடு கதாநாயகனாக இருக்கும் தொடர் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த தொடர் எதையாவது சொல்லுங்கள். ‘செர்னோபில்’ பார்க்கலாமா? அதில் எவ்வளவு நிஜம்?
– பொறியாளர், ஓசூர்

கட்டாயம் பாருங்கள். 2019-இல் எச்பிஓ தயாரித்த ஐந்து எபிசோட், இந்தியாவில் ஜியோஹாட்ஸ்டாரில் இருக்கிறது. 1986 ஏப்ரல் 26 இரவில் சோவியத் யூனியனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நடந்த வெடிப்பும், அதை மூடி மறைத்தவர்களும், அதை அணைக்கப் போனவர்களும்தான் கதை. விபத்து நடந்துவிட்டது என்று நமக்கு முன்பே தெரியும். அப்படியும் மூச்சு முட்டுகிறது. என்ன ஆயிற்று என்பது முதல் எபிசோடிலேயே முடிந்துவிடுகிறது. ஏன் ஆயிற்று என்பதைக் கடைசி எபிசோடில் நீதிமன்றத்தில் சிவப்பு, நீல அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகி விஞ்ஞானி லெகாசொவ் விளக்கும்போது, ஒரு அணு உலை எப்படி வேலை செய்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் புரியாதவர்களுக்கும் புரிந்துவிடும். லிதுவேனியாவில் மூடப்பட்ட இக்னாலினா அணுமின் நிலையத்தில் படம் எடுத்தார்கள். அதே இடத்தில் பதிவு செய்த சத்தங்களிலிருந்துதான் ஹில்டுர் குட்னடோட்டிர் பின்னணி இசையை உருவாக்கினார். நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

நிஜம் எவ்வளவு என்று கேட்டீர்கள். உலானா கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானி கற்பனைப் பாத்திரம், லெகாசொவுக்குத் துணை நின்ற பல விஞ்ஞானிகளைச் சேர்த்து ஒரு ஆளாக்கியிருக்கிறார்கள். தொடரில் உடனே விழும் ஹெலிகாப்டர், நிஜத்தில் மாதங்கள் கழித்து 1986 அக்டோபரில் கிரேன் கம்பியில் மோதி விழுந்தது.

அதோடு சேர்த்து ‘தி ரயில்வே மென்’ பார்த்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸ், 2023 நவம்பர், நான்கு எபிசோட். போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு விஷவாயு பரவியபோது ரயில் நிலையத்தில் இருந்தவர்களின் கதை. கே கே மேனனின் பாத்திரத்துக்குப் பின்னால் இருப்பவர் குலாம் தஸ்தகீர். அந்த இரவில் பயணிகள் நிறைந்த ரயிலை மேலிட அனுமதிக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே கிளப்பி அனுப்பியவர். தொடரில் சினிமாத்தனம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் அந்த மனிதரைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிய இது ஒரு வழி.

‘டார்க்’ இரண்டாவது சீசனில் குழம்பிப்போய் விட்டுவிட்டேன். மறுபடி ஆரம்பிக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

ஆரம்பியுங்கள், கையில் ஒரு நோட்டோடு. விண்டன் என்ற ஜெர்மன் ஊரில் நான்கு குடும்பங்கள்: நீல்சன், கான்வால்ட், டாப்ளர், டீடெமான். கதை 33 வருடம் 33 வருடமாகத் தாண்டும்: 1953, 1986, 2019. நான்கு பக்கங்களில் நான்கு குடும்பத்துக்கும் வம்சாவளி எழுதி, ஒவ்வொரு ஆளும் எந்த வருடத்தில் எந்த வயதில் வருகிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். குழப்பம் தீர்வதோடு, நீங்களே துப்பறிவதுபோல் ஆகிவிடும். மொத்தம் 26 எபிசோட், மூன்று சீசனோடு 2020-இல் முடித்துவிட்டார்கள். சமையல் பார்த்துக்கொண்டே ஓட விடுகிற தொடர் அல்ல இது. போனைத் தள்ளி வைத்துவிட்டு உட்காருங்கள்.

கொரியத் தொடர் என்றாலே காதல்தானா?
– வாசகி, யாழ்ப்பாணம்

இல்லவே இல்லை. ‘சிக்னல்’ தேடிப் பாருங்கள், 2016-இல் வந்த 16 எபிசோட். இன்றைய காவல்துறை ஆய்வாளர் ஒருவரிடம் பழைய வாக்கி-டாக்கி ஒன்று கிடைக்கிறது. இரவு 11:23-க்கு அதில் பேசுபவர் கடந்த காலத்து போலீஸ்காரர். இருவரும் சேர்ந்து தீராத வழக்குகளைத் தொடுகிறார்கள். அதில் வரும் தொடர் கொலை வழக்கு ஒன்று கொரியாவில் நடந்த ஹ்வாசொங் கொலைகளை ஒட்டியது. தொடர் வந்தபோது நிஜக் குற்றவாளி யார் என்று தெரியாது. மூன்று வருடம் கழித்து, 2019-இல், டிஎன்ஏ சோதனை மூலம்தான் அடையாளம் தெரிந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், கடந்த காலத்துப் போலீஸ்காரரின் தவிப்பு இன்னும் கனமாக இருக்கும். இதை எழுதிய கிம் யூன்-ஹீயின் இன்னொரு தொடர் ‘கிங்டம்’ நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது.

இரவு பத்தரைக்கு உட்கார்ந்தால் மூன்று மணி ஆகிவிடுகிறது. காலையில் வேலைக்குப் போக முடியவில்லை. நிறுத்துவதற்கு வழி சொல்லுங்கள்.
– மருந்துக்கடை ஊழியர், விருதுநகர்

எபிசோட் முடியும் இடத்தில் நிறுத்த முயற்சி செய்யாதீர்கள். அந்த இடம் உங்களை நிறுத்தவிடாமல் செய்வதற்காகவே எழுதப்பட்டது. கதவு திறக்கும், யாரோ நிற்பார், திரை இருட்டாகும். எழுதுகிறவர்கள் அதிக நேரம் செலவழிப்பது அந்தக் கடைசி நிமிடத்தில்தான். அடுத்த எபிசோடில் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அந்த முடிச்சு பெரும்பாலும் அவிழ்ந்துவிடும், கதை கொஞ்சம் மூச்சு வாங்கும். அங்கே நிறுத்துங்கள். மனம் முரண்டு பிடிக்காது. மறுநாள் தொடரும்போதும் பாதியில் விட்ட காட்சி சட்டென்று நினைவுக்கு வந்துவிடும்.

அப்புறம், அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை நிறுத்திவையுங்கள். நெட்ஃபிளிக்ஸில் புரொஃபைலுக்குள் பிளேபேக் அமைப்புகளில் இருக்கிறது. பிரைம் வீடியோவிலும் அமைப்புகளில் தேடினால் கிடைக்கும். ரிமோட்டை எடுத்து ஒரு பட்டனை அமுக்க வேண்டியிருந்தால், மணி என்ன என்று பார்க்க ஒரு நொடி கிடைக்கும். வார நாளில் ‘டார்க்’ மாதிரியானவற்றைத் தொடவே வேண்டாம், அவை சனிக்கிழமைக்கு. வேலை நாட்களில் ‘பஞ்சாயத்’ பாருங்கள். புலேரா கிராமத்துக்குச் செயலாளராக வேண்டா வெறுப்பாகப் போகும் இளைஞனின் கதை, எபிசோடுக்கு அரை மணி நேரம் போல. ஒன்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.